ஸ்பானிஷ் சப்ஜங்க்டிவ்: தமிழ் வழியா போனா பாதி தூரம் குறையும்

சிங்கப்பூர்ல ஸ்பானிஷ் படிக்கிற தமிழ் ஆளுங்கள கேட்டுப் பாருங்க, உயர்நிலைப் பள்ளில மூன்றாம் மொழியா எடுத்த பிள்ளைங்களா இருக்கட்டும், என்யூஎஸ் பல்கலைக்கழகத்துல எலெக்டிவ்வா எடுத்தவங்களா இருக்கட்டும், வேலை முடிஞ்சு சாயங்காலம் கிளாஸ் போறவங்களா இருக்கட்டும், சப்ஜங்க்டிவ்ங்கற வினை வடிவத்தோட பேர சொன்னதும் முகம் மாறிடும். அது என்னான்னு கேட்டா ஆளுக்கு ஒரு விளக்கம் வரும். எதிர்காலத்துக்கு போடுறதுன்னு ஒருத்தர் சொல்வார், சந்தேகமா இருந்தா போடுறதுன்னு இன்னொருத்தர், மரியாதையா பேசுறதுக்குன்னு மூணாவது ஆளு. மூணுலயும் கொஞ்சம் உண்மை ஒட்டிட்டு இருக்கு, ஆனா மூணையும் நம்பி வாக்கியம் எழுதினா தப்பு தப்பா வரும்.

இந்தக் குழப்பத்துக்கு பெரிய காரணம் நாம ஸ்பானிஷ இங்கிலீஷ் வழியா படிக்கிறதுதான்னு நான் உறுதியா நினைக்கிறேன். இங்கிலீஷ்ல சப்ஜங்க்டிவ் கிட்டத்தட்ட தேய்ஞ்சு போச்சு, அங்கங்க ஒண்ணு ரெண்டு பழைய வாக்கியத்துல ஒட்டிட்டு இருக்கு, அவ்ளோதான். அந்த மொழிய கண்ணாடியா போட்டுக்கிட்டு பாத்தா இது என்னமோ புதுசா வந்த பூதம் மாதிரி தெரியும். தமிழ் வழியா பாருங்க, பாதி வேலை நாம வீட்லயே முடிச்சு வச்சிருக்கோம்.

உதாரணத்துக்கு மூணே மூணு வினை எடுத்துக்கலாம், மூணும் ரெகுலர், அதாவது விதிப்படி மாறுற வினைங்க. ஆப்லார்னா பேசுறது (எழுதும்போது முன்னாடி ஒரு ஹெச் இருக்கும், அத யாரும் உச்சரிக்க மாட்டாங்க, நடுவுல வர்ற ப் "அன்பு"ல வர்ற மாதிரி மென்மையா வரணும்). கோமேர்னா சாப்பிடுறது. சுபிர்னா ஏறுறது, பஸ்ல ஏறுறது, மாடி ஏறுறது எல்லாம்.

இது காலம் இல்ல, பாங்கு

காலம்ங்கறது எப்போன்னு சொல்றது. நேத்தா, இன்னிக்கா, நாளைக்கா. பாங்குங்கறது வேற, பேசுறவரு அந்த விஷயத்த எப்படி முன்னாடி வைக்கிறாருங்கறது. இது நடக்குதுன்னு தகவலா வைக்கிறாரா, இல்ல ஆசை, கட்டளை, கருத்து இதுக்குள்ள சுத்தி வைக்கிறாரா. தகவலா வைக்கிற பாங்குக்கு இண்டிகேட்டிவ்னு பேரு, அப்படி வைக்காத பாங்குக்கு சப்ஜங்க்டிவ்னு பேரு. நிகழ்காலத்துக்கு ரெண்டு பாங்குலயும் தனித்தனி வடிவம் இருக்கு, நாம இங்க பேசுறது அந்த நிகழ்கால சப்ஜங்க்டிவ் பத்தி மட்டும். ஸ்பெயின் அரசோட மொழி நிறுவனமான இன்ஸ்டிடூட்டோ செர்பாந்தேஸ் பாடத்திட்டத்துல இது பி1ங்கற மூணாவது கட்டத்துலதான் உள்ள வரும், அதனால ஏ1, ஏ2ங்கற முதல் ரெண்டு கட்டம் முடிச்சவங்க இத இன்னும் பாக்கலைன்னா ஒண்ணும் பயப்பட வேணாம்.

தமிழ்ல இருக்கிற "ன்னு"

இந்த ரெண்டு வாக்கியத்த வாய்விட்டு சொல்லிப் பாருங்க.

நீ நல்லா சாப்பிடுறேன்னு அம்மா சொல்றாங்க.
நீ நல்லா சாப்பிடணும்னு அம்மா சொல்றாங்க.

முதல்ல சொன்னதுல அம்மா ஒரு தகவல் குடுக்கிறாங்க, பக்கத்து வீட்டு ஆன்ட்டி கிட்ட பெருமையா சொல்ற மாதிரி. ரெண்டாவதுல தகவலே இல்ல, நீங்க சாப்பிடுறீங்களா இல்லையான்னு அந்த வாக்கியத்த வச்சு கண்டுபிடிக்கவே முடியாது, அவங்க எதிர்பார்ப்பு மட்டும்தான் அதுல இருக்கு. வித்தியாசத்த யாரும் நமக்கு சொல்லித் தரல, சாப்பிடுறங்கறது சாப்பிடணும்னு மாறினதுமே நமக்கு புரிஞ்சிடுது.

இப்ப ஸ்பானிஷ்ல அதே ரெண்டு வாக்கியம்.

மமா தீசே கே கோமேஸ் பியேன்.
மமா தீசே கே கோமாஸ் பியேன்.

தீசேன்னா சொல்றாங்க, பியேன்னா நல்லா, நடுவுல இருக்கிற கே நம்ம "ன்னு" செய்யிற வேலைய செய்யுது, ரெண்டு துண்ட ஒட்ட வைக்குது. மத்ததெல்லாம் அப்படியே இருக்க, கோமேஸ் கோமாஸ் ஆச்சு. ஒரே ஒரு உயிரெழுத்து. ஏ இருந்தா தகவல், ஆ இருந்தா அம்மாவோட கட்டளை. ஸ்பானிஷ்காரங்க காதுக்கு அந்த ஒரு எழுத்து போதும்.

இங்கிலீஷ் வழியா யோசிக்கிறவங்க எங்க சறுக்குறாங்கன்னு பாருங்க. நீ சாப்பிடணும்னு எனக்கு ஆசைங்கறத இங்கிலீஷ்ல ஐ வாண்ட் யூ டு ஈட்னு சொல்லி பழகிட்டோம், அத அப்படியே இழுத்துட்டு வந்து "கியேரோ தூ கோமேர்"னு எழுதிடறாங்க, வாத்தியார் சிவப்பு மை போட்டு அடிக்கிறாரு. தமிழ்ல யோசிச்சிருந்தா நடுவுல ஒரு "ன்னு" தானா வந்திருக்கும், அந்த எடத்துல கே போட்டிருப்போம், சாப்பிடணும்ங்கற எடத்துல கோமாஸ் போட்டிருப்போம். கியேரோ கே கோமாஸ். முடிஞ்சுது.

நம்ம கிட்ட இன்னொரு வடிவமும் இருக்கு, "ட்டும்". வரட்டும், போகட்டும், நல்லா இருக்கட்டும். நம்ம நாட்டு சின்னத்துல சிங்கமும் புலியும் நிக்கிற கேடயத்துக்குக் கீழ நீல நாடால எழுதியிருக்கிற மஜுலா சிங்கப்பூராவுக்கு அர்த்தமும் அதுதான், முன்னேறட்டும் சிங்கப்பூர். இத ஸ்பானிஷ்ல சொல்லணும்னா "கே ப்ரோக்ரேசே சிங்கப்பூர்" (ப்ரோக்ரேசார்னா முன்னேறுறது). இன்னும் பழைய தமிழ்னா வியங்கோள், வாழ்க, வெல்க. பீபான்னு கூட்டத்துல கத்துறது கேட்டிருப்பீங்க, பிபிர்ங்கற வினையோட சப்ஜங்க்டிவ் அது, அப்படியே நம்ம வாழ்க. சாப்பாட்டு மேசைல உக்காந்ததும் ஸ்பெயின்காரங்க "கே அப்ரோபேச்சே"ம்பாங்க, தூங்கப் போறவங்க கிட்ட "கே தெஸ்கான்சேஸ்"ம்பாங்க, நல்லா ரெஸ்ட் எடுங்கற மாதிரி. இதெல்லாம் தனியா நிக்கிற வாழ்த்து.

இதுவரைக்கும் பாத்தது: தகவலா சொன்னா இண்டிகேட்டிவ், தமிழ்ல ணும், ட்டும் வர்ற எடத்துல பெரும்பாலும் சப்ஜங்க்டிவ், ரெண்டையும் ஒட்ட வைக்கிற "ன்னு" தான் கே.

ட்ரேல இருக்கிறதும் ஆர்டர்ல இருக்கிறதும்

தேக்கா ஹாக்கர் சென்டர்ல ஒரு பிரியாணி சொல்லிட்டு நிக்கிறீங்க. ட்ரேல வந்து உக்காந்த பிரியாணிய பத்தி இதுல காரம் ஜாஸ்தி, முட்டை இருக்குன்னு சொல்லலாம். இன்னும் வராத பிரியாணிய பத்தி காரம் கம்மியா இருக்கணும், முட்டை வைக்கணும், சீக்கிரம் வரணும்னுதான் சொல்ல முடியும். ட்ரேல இருக்கிறது இண்டிகேட்டிவ், ஆர்டர்ல இருக்கிறது சப்ஜங்க்டிவ்.

ஆசை, கட்டளை, வேண்டுகோள் இதுக்கெல்லாம் இந்தப் படம் நல்லா ஒத்துப் போகும். ஆனா இதோட நின்னுட்டா ஒரு எடத்துல மாட்டிக்குவீங்க, அந்த எடம்தான் உண்மையிலேயே முக்கியமானது.

சந்தேகம்னு சொல்றது ஏன் பத்தாது

ரெண்டு வாக்கியம் பாருங்க.

கிரேயோ கே ரவி ஆப்லா தமில். ரவி தமிழ் பேசுறான்னு நினைக்கிறேன்.

மே அலேக்ரா கே ஆப்லேஸ் தமில். நீ தமிழ் பேசுறதுல எனக்கு சந்தோஷம்.

முதல் வாக்கியத்துல சந்தேகம் இருக்கு, நினைக்கிறேன்னுதானே சொல்றேன், நேர்ல பாத்தேன்னு சொல்லலையே. ஆனா அங்க ஆப்லா, சாதா இண்டிகேட்டிவ். ரெண்டாவதுல சந்தேகம் துளி கூட இல்ல, நீங்க என் கண்ணு முன்னாடி தமிழ் பேசிட்டு இருக்கீங்க, பிரியாணி ட்ரேல வந்தாச்சு, ஆனா அங்க ஆப்லேஸ், சப்ஜங்க்டிவ். சந்தேகம்தான் காரணம்னா ரெண்டும் தலைகீழா இருந்திருக்கணும்.

உண்மையான காரணம் இதுதான்: கே பின்னாடி வர்ற துண்ட நான் ஒரு சேதியா அறிவிக்கிறேனா இல்லையா. அவ்ளோதான், நெசமா பொய்யாங்கறது இல்ல.

சோதனை பண்றதும் சுலபம். கே பின்னாடி இருக்கிறத வெட்டி எடுத்து தனியா வைங்க, இத சொல்றதுதான் என் நோக்கமான்னு கேளுங்க. ரவி தமிழ் பேசுறான், ஆமா, உறுதி கொஞ்சம் கம்மியா இருந்தாலும் அந்த சேதியதான் நான் குடுக்க வந்தேன், அதனால இண்டிகேட்டிவ். நீ தமிழ் பேசுற, இத உங்க கிட்டயே நான் சேதியா சொல்லப் போறேனா, உங்களுக்கே தெரியுமே, நான் சொல்ல வந்த சேதி என் சந்தோஷம், நீங்க பேசுறது அதுக்கு அடில கிடக்கிற விஷயம், அதனால சப்ஜங்க்டிவ். கியேரோ கே கோமாஸ்லயும் நீ சாப்பிடுறன்னு நான் அறிவிக்கல, ஆசைதான் படுறேன், சப்ஜங்க்டிவ்.

அடுத்து "நோ கிரேயோ கே ரவி ஆப்லே தமில்", ரவி தமிழ் பேசுறான்னு நான் நினைக்கல. வெட்டிப் பாருங்க: ரவி தமிழ் பேசுறான். இத நான் அறிவிக்கிறேனா, இல்லவே இல்ல, தள்ளி விடுறேன். சப்ஜங்க்டிவ். இந்த எடத்துல தமிழ் நமக்கு கை கொடுக்காது, ரெண்டுலயுமே பேசுறான்னு தான் நாம சொல்றோம், அதனால கிரேயோ, நோ கிரேயோ ரெண்டும் வர்றப்ப மட்டும் ணும், ட்டும் தேடாதீங்க, வெட்டிப் பாக்குற சோதனைய பிடிச்சுக்குங்க.

சுருக்கமா, அறிவிச்சா இண்டிகேட்டிவ், அறிவிக்கலைன்னா சப்ஜங்க்டிவ். ஆசை, கட்டளை, மறுப்பு, உணர்ச்சின்னு புத்தகத்துல நீளமா பட்டியல் போடுவாங்க, அதெல்லாம் இந்த ஒரே மரத்தோட கிளைங்க.

வடிவம்: உயிரெழுத்து இடம் மாறுது

ஆச்சரியம் என்னன்னா எல்லாரும் பயப்படுற வடிவம்தான் இதுல ரொம்ப சுலபம். நிகழ்கால இண்டிகேட்டிவ்ல நான்ங்கறதுக்கு வர்ற வடிவத்த எடுங்க: ஆப்லோ, கோமோ, சூபோ. கடைசி ஓவ தூக்கிப் போடுங்க. ஆர்ல முடியிற வினைக்கு ஏ போடுங்க, ஏர், இர்ல முடியிறதுக்கு ஆ போடுங்க. அதாவது ஆப்லார்ல வழக்கமா ஆ ஓடிட்டு இருக்கும், அது ஏவாகும். கோமேர்ல வழக்கமா ஏ ஓடும், அது ஆவாகும். ரெண்டு வீட்டுக்காரங்களும் உயிரெழுத்த மாத்திக்கிறாங்க.

ஆப்லார்: நான் ஆப்லே, நீ ஆப்லேஸ், அவன் அவள் நீங்க எல்லாத்துக்கும் ஆப்லே, நாம ஆப்லேமோஸ், நீங்கெல்லாம் ஆப்லேய்ஸ், அவங்க ஆப்லேன்.

கோமேர்: கோமா, கோமாஸ், கோமா, கோமாமோஸ், கோமாய்ஸ், கோமான்.

சுபிர் அச்சு அசல் கோமேர் மாதிரியே: சூபா, சூபாஸ், சூபா, சுபாமோஸ், சுபாய்ஸ், சூபான்.

ஆப்லேய்ஸ், கோமாய்ஸ்ங்கற அந்த அஞ்சாவது வடிவம் ஸ்பெயின்லதான் ஓடுது, லத்தீன் அமெரிக்கால அதுக்கும் ஆப்லேன், கோமான் தான். முதல் வடிவமும் மூணாவது வடிவமும் ஒண்ணா இருக்கேன்னு கவலை வேணாம், பேச்சுல யாரப் பத்தின்னு எடம் பாத்தே தெரியும், தெரியலைன்னா யோ, ஏல்னு ஆள சேத்துக்குவாங்க.

எழுதும்போது மட்டும் ஒண்ணு கவனிக்கணும். பகார்னா பணம் கட்டுறது, நான் வடிவம் பாகோ, சப்ஜங்க்டிவ் பாகே. ஆனா ஜி எழுத்துக்கு பின்னாடி நேரா இ எழுத்த போட்டா ஸ்பானிஷ்ல ஹேன்னு படிப்பாங்க, அதனால நடுவுல யு ஒண்ணு சொருகி பாகேங்கற சத்தத்த காப்பாத்துறாங்க. தோகார்னா தொடுறது, தோகோ, தோகே, அங்க சி போய் க்யூ யு வரும். சத்தம் மாறலை, எழுத்துதான் மாறுது, அதனால இதுங்களும் ரெகுலர் கணக்குலதான்.

விதிய முழுசா மீறுறது ஆறு வினைங்கதான்னு சொல்லலாம், அந்த ஆறுக்கும் நான் வடிவம் ஓல முடியாது: சோய், எஸ்தோய், ஏ, போய், சே, தோய். ஓ இல்லாம ஓவ எப்படி தூக்கிப் போடுறது, அதனால தனியா மனப்பாடம் பண்ணணும். அத அப்புறம் பாத்துக்கலாம்.

எங்க வரும், எங்க வராது

ஆள் மாறணும், இது முதல் விஷயம். நான் சாப்பிடணும்னு நானே ஆசைப்பட்டா கேவும் வேணாம் சப்ஜங்க்டிவ்வும் வேணாம், "கியேரோ கோமேர்". நீ சாப்பிடணும்னு நான் ஆசைப்பட்டாத்தான் "கியேரோ கே கோமாஸ்". தமிழ்லயும் எனக்கு சாப்பிடணும், நீ சாப்பிடணும்னு எனக்கு ஆசைன்னு பிரிச்சுதானே சொல்றோம்.

தேடுற ஆளு இன்னும் கிடைக்கலைன்னாலும் சப்ஜங்க்டிவ். "பூஸ்கோ உன் ப்ரோஃபெசோர் கே ஆப்லே தமில்", தமிழ் பேசுற ஒரு வாத்தியாரா பாத்து தேடுறேன், அப்படி ஒருத்தர் இருக்காரான்னே எனக்குத் தெரியாது. "பூஸ்கோ அல் ப்ரோஃபெசோர் கே ஆப்லா தமில்"னா அந்த தமிழ் பேசுற வாத்தியாரத் தேடுறேன், அவரு இருக்காரு, எங்க போனாருன்னுதான் தெரியல. தமிழ்ல "அந்த" போட்டு நாம காட்டுற வித்தியாசத்த ஸ்பானிஷ்காரங்க வினையோட கடைசி எழுத்துலயும் காட்டிடறாங்க. எனக்கு இந்த மொழில ரொம்ப பிடிச்ச எடம் இதுதான், ஒரு ஆள் இருக்காரா இல்லையாங்கற பெரிய விஷயம் ஒரு ஆவுக்கும் ஏவுக்கும் நடுவுல அடங்கிடுது.

பாரா கே, அதாவது அதுக்காகங்கறதுக்குப் பின்னாடி எப்பவும் சப்ஜங்க்டிவ். ஓஹாலான்னு ஒரு வார்த்தை இருக்கு, அப்படி நடந்தா நல்லாருக்கும்ங்கற மாதிரி, அதுக்கும் எப்பவும் சப்ஜங்க்டிவ். இது ரெண்டுலயும் யோசிக்கவே வேணாம்.

கட்டளையும் மரியாதையும்

மரியாதைக்குத்தான் சப்ஜங்க்டிவ்னு சிலர் சொல்றாங்களே, அந்தப் பேச்சு கிளம்பின எடம் இது. நீன்னு கூப்பிடுற ஆளுக்கு சாப்பிடுன்னு சொல்ல கோமே, அது சப்ஜங்க்டிவ் இல்ல. ஆனா உஸ்தேத்னு, அதாவது நீங்கன்னு கூப்பிடுற ஆளுக்கு கோமா, சாப்பிடுங்க. அது சப்ஜங்க்டிவ் வடிவம்தான். பெரியவங்க கிட்ட பேசுறப்ப மட்டும் இந்த வடிவம் காதுல விழுறதால மரியாதைன்னு நினைச்சுட்டாங்க. சாப்பிடாதேன்னு தடுத்துப் பாருங்க, அப்ப நீக்கும் சப்ஜங்க்டிவ்தான், "நோ கோமாஸ்", நீங்களுக்கு "நோ கோமா". எம்ஆர்டி ரயில்ல சாப்பிட்டா 500 வெள்ளி வரைக்கும் அபராதம்னு போர்டு பாக்குறோமே, அங்க ஸ்பானிஷ் பேசுற கூட்டாளி பொட்டலத்த பிரிச்சா "நோ கோமாஸ் அகீ"ன்னு சொல்லணும், இங்க சாப்பிடாதேன்னு. அதுல மரியாதை எதுவும் இல்ல, அவசரம்தான்.

நாம சேந்து செய்யலாம்னு கூப்பிடுறதும் இதே வடிவம். ஆப்லேமோஸ், பேசலாம் வா. கோமாமோஸ், சாப்பிடலாம்.

தமிழ் ஆளுங்க விழுற குழி

தமிழ் வழியா வர்றவங்களுக்குன்னே ஒரு குழி இருக்கு, அதையும் சொல்லிடறேன். நீ பஸ் ஏறினா எனக்கு ஃபோன் பண்ணு, இந்த வாக்கியத்துல ஏறினாங்கறது ரெண்டு அர்த்தம் தரும். ஏறுவியோ மாட்டியோ, ஒருவேளை ஏறினாங்கறது ஒண்ணு. எப்படியும் ஏறத்தான் போற, ஏறினதும்ங்கறது இன்னொண்ணு. ரெண்டுமே இன்னும் நடக்கல, ரெண்டுமே ஆர்டர்ல இருக்கிற பிரியாணிதான், அதனால ரெண்டுக்கும் சப்ஜங்க்டிவ்னு நம்ம மனசு சொல்லும். ஒருவேளைங்கறது இன்னும் சந்தேகமா இருக்கே, அதுக்கு கண்டிப்பா வரணும்னு தோணும்.

ஸ்பானிஷ்ல நேர்மாறா இருக்கு. நிபந்தனை போடுற "சி"ங்கற வார்த்தைக்கு பின்னாடி நிகழ்கால சப்ஜங்க்டிவ் வராது, இண்டிகேட்டிவ்தான். இப்படின்னு வச்சுக்குவோம்னு அந்த விஷயத்த மேசை மேல வச்சுட்டுத்தான் மேல பேசுறாங்க. எப்போங்கற குவாந்தோ மட்டும் இன்னும் நடக்காதத பத்தி பேசினா சப்ஜங்க்டிவ் கேட்கும், தினமும் நடக்கிறத பத்தி பேசினா அதுவும் இண்டிகேட்டிவ்தான். ஃபோன் பண்ணுங்கறதுக்கு யாமமேன்னு வச்சுக்கிட்டா:

ஒருவேளை ஏறினா, "சி சூபேஸ் அல் புஸ், யாமமே".
ஏறினதும், "குவாந்தோ சூபாஸ் அல் புஸ், யாமமே".

தமிழ்ல எழுதுறப்ப ஏறினாங்கறத அப்படியே விட்டுட்டு மொழிபெயர்க்க உக்காராதீங்க, ஒருவேளையா, ஏறினதுமான்னு முதல்ல தமிழ்லயே பிரிச்சுக்குங்க, அதுக்கப்புறம் ஏவா ஆவாங்கறது தானா விழும்.